சிங்கப்பூரில் சில மணி நேரம்: வாசகர் கேள்வி - பதில்

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் போகிற வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நடுவில் கிடைக்கும் ஆறு மணி நேரத்தையோ பன்னிரண்டு மணி நேரத்தையோ என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். விசா விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுபவை. டிக்கெட் எடுக்கும் முன் சிங்கப்பூர் குடிநுழைவு (இமிகிரேஷன்), சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டுக்கு நானும் மனைவியும் போகிறோம். சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலிய விசா இருக்கிறது. வெளியே போய் ஊரைப் பார்க்கத் தனியாக சிங்கப்பூர் விசா எடுக்க வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பெரும்பாலும் வேண்டாம். இந்தியக் குடிமக்களுக்கு விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை தங்கிச் செல்லும் வசதி ஒன்று உண்டு. அதற்கு மூன்று நிபந்தனைகள். ஒன்று, நீங்கள் மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும், அல்லது அங்கிருந்து திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். சென்னை - சிங்கப்பூர் - சென்னை என்றால் இந்த வசதி கிடையாது. இரண்டு, 96 மணி நேரத்துக்குள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் விமான அல்லது கப்பல் டிக்கெட் உறுதியாகிக் கையில் இருக்க வேண்டும். ஜொகூர் வழியாக மலேசியாவுக்கு பஸ்ஸில் போகிறேன் என்றால் ஏற்க மாட்டார்கள். மூன்று, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளில் ஏதேனும் ஒன்று கொடுத்த விசா உங்களிடம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.

பலர் சறுக்குவது, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில்தான். ஜெர்மனியோ சுவிட்சர்லாந்தோ கொடுத்தது என்றால் சரி. பிரான்ஸ் கொடுத்த ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு 'எல்லாம் ஒரே ஐரோப்பாதானே' என்று வாதாடிப் பயனில்லை, பட்டியலில் பிரான்ஸ் கிடையாது. திரும்பி வரும்போது இன்னொரு நுணுக்கம்: ஒரே ஒருமுறை நுழையும் விசாவைப் பயன்படுத்தி முடித்திருந்தாலும், விசா கொடுத்த நாட்டிலிருந்து நேராக சிங்கப்பூர் வந்தால் இந்த வசதி உண்டு. நடுவில் பாலியில் நான்கு நாள் இறங்கிவிட்டு வந்தால் சிக்கல்.

ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை. எனவே விசா வழங்கிய கடிதத்தை அச்செடுத்து, மெல்போர்ன் டிக்கெட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். திருச்சி செக்-இன் கவுன்டரிலேயே கேட்பார்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் அனுமதிப்பதா இல்லையா என்பது குடிநுழைவு அதிகாரியின் முடிவு. இந்த வசதி உரிமை அல்ல, சலுகை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. எஸ்ஜி அரைவல் கார்டு என்ற மின்படிவத்தை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குப் பணம் கேட்கும். வங்கிக் கார்டு எண் கேட்டாலே அது அரசாங்கத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களிடம் எந்த விசாவும் இல்லை. ஆறு மணி நேரம் டிரான்சிட். விமான நிலையத்துக்கு உள்ளேயே இருக்கும் அந்தப் பெரிய அருவியை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்தானே? (மதுரை வாசகி)

அருவி இருப்பது ஜுவல் என்ற கட்டடத்தில். அது விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறதே தவிர, விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதிக்குள் இல்லை. அங்கே போகக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும். விசாவோ மேலே சொன்ன சலுகையோ இல்லாதவர்களுக்கு அந்த 40 மீட்டர் அருவி கைக்கெட்டாது.

ஆனால் கண்ணுக்கு எட்டும். இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் நடுவே ஓடும் ஸ்கைட்ரெய்ன் ஜுவலுக்குள் புகுந்துதான் போகிறது. டிரான்சிட் பயணிகளுக்கான பெட்டியிலும் ஏறலாம், காசு கிடையாது. கண்ணாடி ஓரமாக நின்றுகொள்ளுங்கள். சில விநாடிகள்தான், அலைபேசியை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள். தவறவிட்டால் திரும்ப ஒருமுறை ஏறலாம், யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை.

மிச்ச நேரத்துக்கு மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம், இரண்டாம் முனையத்தின் சூரியகாந்தித் தோட்டம், முதலாம் முனையத்தின் கள்ளித் தோட்டம் எல்லாம் டிரான்சிட் பகுதியிலேயே இருக்கின்றன. இரண்டிலும் மூன்றிலும் இலவசத் திரையரங்குகள் உண்டு. நான்காம் முனையம் மட்டும் தனியே இருக்கிறது. ஸ்கைட்ரெய்ன் அங்கே போகாது, பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். உங்கள் விமானம் அங்கிருந்து கிளம்புவதாக இருந்தால் எல்லாக் கணக்கிலும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

குறைந்தது எத்தனை மணி நேரம் இருந்தால் ஊருக்குள் போய் வரலாம்? (கோவை வாசகர்)

ஆறு மணி நேரம். அதற்குக் கீழே என்றால் போகாதீர்கள்.

கணக்கு இதுதான். விமானம் தரையைத் தொட்டதிலிருந்து குடிநுழைவைத் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம். ஊருக்குள் போக முக்கால் மணி, திரும்பி வர முக்கால் மணி. அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாங்கி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஆக நான்கரை மணி நேரம் வழியிலேயே கரைந்துவிடும். ஆறு மணி நேர இடைவெளியில் ஊருக்காக மிஞ்சுவது ஒன்றரை மணி. எட்டு என்றால் மூன்றரை, பன்னிரண்டு என்றால் ஏழரை. இந்த மிச்சத்தை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். 'எட்டு மணி நேரம் இருக்கிறதே' என்று செந்தோசாத் தீவு, மிருகக்காட்சிச் சாலை என்று பட்டியல் போடுகிறவர்கள் எம்ஆர்டி ரயில் நிலையங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள்.

கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பதெல்லாம் உள்ளூர் நேரம், கைக்கடிகாரத்தில் இருப்பது கோவை நேரம். விமானத்தைத் தவறவிட இது போதும்.

பெட்டி விஷயம் வேறு. ஒரே முன்பதிவில் இரண்டு விமானமும் இருந்தால் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊருக்கே போய்விடும். கோவையில் ஒட்டும் சீட்டில் பெரிய எழுத்தில் உள்ள மூன்றெழுத்தைப் பாருங்கள். எஸ்ஐஎன் என்று மட்டும் இருந்தால் பெட்டி சிங்கப்பூரில் இறங்கும், நீங்கள்தான் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சிட்னி என்றால் எஸ்ஒய்டி, மெல்போர்ன் என்றால் எம்இஎல் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்தவர்களுக்கு இதுதான் தலைவலி: பெட்டியை எடுக்கவே குடிநுழைவைத் தாண்ட வேண்டும், தாண்ட அனுமதி வேண்டும். அது இல்லாதவரை ஊரிலேயே விமானம் ஏற்ற மறுத்துவிடலாம்.

தாமாகச் சுற்றத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி: இடைவெளி ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் இருந்தால் சாங்கி நடத்தும் இலவச நகர்ச் சுற்றுலாவில் சேரலாம். சுமார் இரண்டரை மணி நேரம், பஸ்ஸும் வழிகாட்டியும் உண்டு. பதிவு செய்யும் இடம் டிரான்சிட் பகுதிக்குள், இரண்டாம், மூன்றாம் முனையங்களில் இருக்கிறது. குடிநுழைவைத் தாமாகத் தாண்டி வெளியே வந்த பிறகு தேடினால் கிடைக்காது. முன்கூட்டியே இணையத்தில் பதிவதும் உண்டு. நுழைவு அனுமதி இதற்கும் வேண்டும். வயதான பெற்றோரோடு முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

காலை 6 மணிக்கு இறங்குகிறோம். அடுத்த விமானம் பிற்பகல் 2 மணிக்கு. எங்கே போகலாம்? (சென்னை, மயிலாப்பூர் வாசகி)

நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைதான் தள்ளி இருக்கும் ஊர். ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். நீங்கள் இறங்கும்போது இருட்டாக இருக்கும், கடைத்தொகுதிகள் 10 மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே காலையில் விழித்திருக்கும் இடத்துக்குப் போங்கள். அது தேக்கா.

லிட்டில் இந்தியா வட்டாரத்தைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் தேக்கா என்பார்கள். தேக்கு மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூங்கில் புதரைக் குறிக்கும் ஹொக்கியென் சீனச் சொல்லிலிருந்து வந்தது.

சாங்கி ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே நிலத்தடியில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலேறி இரண்டாவது நிறுத்தமான தானா மேராவில் இறங்கி, ஊருக்குள் போகும் கிழக்கு - மேற்குப் பாதை ரயிலுக்கு மாறுங்கள். எட்டாவது நிறுத்தம் பூகிஸ். அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறினால் ரோச்சோர், அதற்கடுத்து லிட்டில் இந்தியா. வரைபடத்தைப் பார்த்தவர்கள் 'சாங்கிக்கு அடுத்த நிலையமான எக்ஸ்போவிலேயே டவுன்டவுன் பாதை இருக்கிறதே, மாறாமல் நேராகப் போகலாமே' என்று கேட்பார்கள். போகலாம். ஆனால் அந்தப் பாதை சைனாடவுன், பேஃபிரன்ட் என்று ஒரு வளையம் சுற்றிவிட்டுத்தான் லிட்டில் இந்தியா வரும். நேரம் வீண்.

பஃபலோ சாலைப் பக்கம் வெளியே வந்தால் எதிரே தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடம். ஒரு பக்கம் காய்கறி, மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தை, இன்னொரு பக்கம் சிறு உணவுக் கடைகள் சேர்ந்திருக்கும் உணவங்காடி. பஃபலோ சாலைக்குப் பக்கத்துத் தெரு கெர்பாவ் சாலை. மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஒரு காலத்தில் மாட்டு வணிகம் நடந்த வட்டாரம் என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே சாட்சி. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு இருக்கிறது. வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் சீன மாளிகை. கதவுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என்று வண்ணம் பூசியிருப்பார்கள். பத்து நிமிடம் போதும். அங்கிருந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் வீரமாகாளியம்மன் கோவில். நண்பகலில் நடை சாத்துவார்கள், காலையில் போவதே நல்லது. செருப்பை வெளியே விட வேண்டும் என்பதால் லேஸ் கட்டும் ஷூ வேண்டாம்.

ஒன்பதே கால் மணிக்கு அங்கிருந்து கிளம்பி, அதே டவுன்டவுன் பாதையில் நான்காவது நிறுத்தமான பேஃபிரன்டில் இறங்குங்கள். கரையோரப் பூந்தோட்டத்துக்கு (கார்டன்ஸ் பை த பே) நிலையத்திலிருந்தே வழி இருக்கிறது. 2012இல் திறந்த தோட்டம். 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள செயற்கை மரங்களைக் கீழே நின்று பார்க்கக் கட்டணமில்லை. கண்ணாடிக் குவிமாடத் தோட்டங்களுக்கு மட்டும் டிக்கெட் உண்டு. உங்களிடம் இருக்கும் நேரத்துக்கு அதில் ஒன்றை, மேகக்காடு என்ற குவிமாடத்தை மட்டும் பாருங்கள். வெயிலுக்கு இதமாக உள்ளே குளிர்ந்திருக்கும். இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டால் ஓட்டமும் நடையும்தான்.

11 மணிக்கு பேஃபிரன்டில் ரயிலேறிவிட வேண்டும். பூகிஸில் மாறி தானா மேரா வாருங்கள். அங்கே இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ரயில் பாசிர் ரிஸ் போய்விடும். விமான நிலையத்துக்கு வேறு ரயில். பெட்டி மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். 12 மணிக்கு சாங்கி.

மெர்லயன் சிங்கத்தைப் பார்க்க வேண்டாமா என்பீர்கள். 8.6 மீட்டர் உயரச் சிலை, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். படத்தில் பார்த்ததேதான் நேரிலும். பூந்தோட்டத்தை விட்டுவிட்டு அங்கே போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

மாலை 5 மணிக்கு இறங்கி இரவு 11.30க்குக் கிளம்பினால்? (பெங்களூரு வாசகர்)

ஆறரை மணி நேரம். ஒரே இடம்தான், அதே பூந்தோட்டம். செயற்கை மரங்களில் தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு ஒளிக்காட்சி உண்டு. ஏறக்குறைய கால் மணி நேரம் நடக்கும், இலவசம். உள்ளூர்க்காரர்கள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார்கள். நீங்களும் படுங்கள், நின்று அண்ணாந்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். 7.45 காட்சியைக் குறிவைத்து, அது முடிந்ததும் டாக்சியில் திரும்புங்கள். மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் 8 மணிக்கும் 9 மணிக்கும் நடக்கும் தண்ணீர் ஒளிக்காட்சியையும் சேர்த்துப் பார்க்கலாமா என்றால், 8 மணிக் காட்சி மரங்களோடு மோதும், 9 மணிக் காட்சி உங்கள் விமானத்தோடு மோதும்.

ரயிலுக்கு டிக்கெட் எங்கே எடுப்பது? ரூபே கார்டு செல்லுமா? (சேலம் வாசகர்)

டிக்கெட் என்று ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டாம். தொட்டுச் செலுத்தும் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் அதையே வாயிலில் தொட்டு உள்ளே போகலாம், வெளியே வரும்போதும் தொட வேண்டும். தூரத்துக்கேற்பக் காசு கழியும். சாங்கியிலிருந்து ஊருக்குள் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வெளிநாட்டு அட்டைக்கு, பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு (சென்ட்) நிர்வாகக் கட்டணம் தனி. ரூபேயை நம்பிப் போகாதீர்கள்.

தவறுவது மூன்று இடத்தில். முதலாவது, இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொட்டுச் செலுத்தும் வசதியும் தாமாகத் திறந்திருக்காது. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்து வையுங்கள். இரண்டாவது, ஒரு அட்டையில் ஒருவர்தான் போக முடியும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தொட்டால் இரண்டாமவருக்குக் கதவு திறக்காது. மூன்றாவது, அட்டையைத் தொட்டு நுழைந்துவிட்டு, அதே அட்டை ஏற்றிய அலைபேசியைத் தொட்டு வெளியேறுவது. இயந்திரத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு அட்டை. பயணம் முடியாததாகக் கணக்காகிக் கூடுதல் காசு போகும்.

அட்டை ஒத்துவராதவர்கள் நிலையத்தில் 10 வெள்ளிக்கு ஈஸி-லிங்க் அட்டை வாங்கலாம். அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, திரும்பக் கிடைக்காது. மீதி 5 வெள்ளியில் போய்வந்துவிடலாம். சில மணி நேரத்துக்குச் சுற்றுலாப் பயணி பாஸ் தேவையே இல்லை.

ரயில் எப்போதாவது பழுதாகும். டாக்சிக்கென்று 40 வெள்ளியைத் தொடாமல் வைத்திருங்கள். நள்ளிரவிலிருந்து காலை 6 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. சமாளிக்க முடியுமா? (கும்பகோணம் வாசகி)

சிராங்கூன் சாலையில் இருக்கும்வரை கவலையே இல்லை. ஆனந்த பவன் 1924இலிருந்தும் கோமள விலாஸ் 1947இலிருந்தும் நடக்கின்றன. இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஆனால் சிங்கப்பூர் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவதா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்காக உணவங்காடி நிலையங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது இந்த உணவங்காடிப் பண்பாடு. தட்டு 5, 6 வெள்ளிக்குள் வயிறு நிறையும்.

அங்கே 'இறைச்சி இல்லை' என்பதற்கும் 'சைவம்' என்பதற்கும் நிறைய தூரம். காய்கறி மட்டும் வதக்கியது என்பார்கள், அதில் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கும். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும். நாசி லெமாக் என்றால் தேங்காய்ப்பால் சோறு, பக்கத்திலேயே நெத்திலி. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பின் அடிப்படையே காய்ந்த இறால். காய்கறி சூப் கோழி எலும்பு வெந்த தண்ணீராக இருக்கக்கூடும். ஆகவே கேட்டுப் பார்த்து வாங்குவதைவிட, சீன சைவக் கடை என்று தனியாகப் பலகை போட்ட கடைக்குப் போவதே பாதுகாப்பு. பௌத்த வழக்கப்படி பல கடைகளில் வெங்காயம் பூண்டுகூட இருக்காது. கோழி, வாத்து போலத் தெரிவதெல்லாம் சோயாவும் மாவும்தான், மிரள வேண்டாம். முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பி கேட்பதற்கு ஒரு பாஷை இருக்கிறது. 'கோப்பி' என்றால் கெட்டியான டின்பாலும் சர்க்கரையும். 'கோப்பி ஓ' பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். 'கோப்பி சி' இனிப்பில்லாத ஆவிப்பாலும் சர்க்கரையும். 'கோசோங்' சேர்த்துச் சொன்னால் சர்க்கரை கிடையாது. நம் ஊர் டிகிரி காப்பி நாக்குக்குக் கோப்பி சி ஓரளவு நெருக்கம். இஞ்சி டீ வேண்டுமென்றால் 'தே ஹாலியா'.

மேசையில் ஆளில்லை, ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் இருக்கிறதென்றால் யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்து உட்காராதீர்கள். அது இடம் பிடித்து வைத்த அடையாளம். நம் பஸ்ஸில் ஜன்னல் வழியே போடும் துண்டு அங்கே டிஷ்யூ பாக்கெட்டாகியிருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம்.

நான்கு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ரயிலில் மாறி மாறிப் போவதற்குப் பதில் செயலியில் கார் பிடித்துவிடலாமா? (புதுச்சேரி வாசகி)

டாக்சி பிடியுங்கள், செயலியில் வரும் தனியார் வாடகைக் கார் வேண்டாம். 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. தனியார் காரில் இருக்கை இல்லையென்றால் ஓட்டுநர் உங்களை ஏற்ற மறுத்துவிட்டுப் போய்விடுவார். செயலியிலேயே டாக்சி என்றோ, குழந்தை இருக்கை உள்ள கார் என்றோ தேர்ந்தெடுக்கலாம். ரயிலிலும் சிரமமில்லை. எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு, தள்ளுவண்டியை மடக்க வேண்டியதில்லை.

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து சிட்னி போகும் வழியில் பத்து மணி நேரம் கிடைக்கிறது. 96 மணி நேர விதி எனக்கும் பொருந்துமா? (யாழ்ப்பாண வாசகர்)

உங்களுக்கு அது தேவையே இல்லை. குறுகிய காலத் தங்கலுக்கு இலங்கைக் குடிமக்களுக்கு சிங்கப்பூர் விசா வேண்டாம். எஸ்ஜி அரைவல் கார்டு, தொடர்பயண டிக்கெட், ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் போதும்.

என்னென்ன கொண்டுபோகக் கூடாது? அப்பாவுக்குத் தூக்க மாத்திரை இல்லாமல் முடியாது. (தஞ்சாவூர் வாசகர்)

மாத்திரையிலிருந்தே தொடங்குவோம். டயாசிபாம், அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றோடு நாட்டுக்குள் நுழைய சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மருந்துச்சீட்டு, மருந்தின் அசல் உறை இரண்டும் கையில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்த மாத்திரையைப் பார்த்து யாராலும் இன்னதென்று சொல்ல முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

குட்கா, ஹான்ஸ், மெல்லும் புகையிலை எதுவும் கூடாது. சட்டைப் பையில் மறந்துபோன ஒரு பாக்கெட்டும் குற்றமே. மின்சிகரெட் அறவே கூடாது. சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வையில்லாச் சலுகை கிடையாது. ஒரு பெட்டி இருந்தாலும் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். சூயிங்கம் 1992இலிருந்து தடை. ரயிலில் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு, 500 வெள்ளி வரை போகலாம். அப்பாவுக்கு மாத்திரை போட வேண்டுமானால் இறங்கி நிலையத்துக்கு வெளியே வந்து கொடுங்கள். பார்க்கப் பழகியவர் போல இருக்கிறாரென்று யார் கொடுத்த பார்சலையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் எத்தகையது என்பது தெரிந்ததுதான்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழை வைத்தே சமாளித்துவிடலாமா? (விருதுநகர் வாசகர்)

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அறிவிப்புப் பலகைகளில் தமிழைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். தேக்காவில் தமிழ் போதும். மற்ற இடங்களில் எதிரில் இருப்பவர் இந்தியர் போல இருந்தாலும் தமிழ் தெரியாமல் இருக்கலாம், சில ஆங்கிலச் சொற்கள் கைகொடுக்கும். உள்ளூர்த் தமிழில் டாலர் 'வெள்ளி', சென்ட் 'காசு', எம்ஆர்டி 'பெருவிரைவு ரயில்'. தேக்காக் கடைக்காரர் 'அஞ்சு வெள்ளி' என்றால் நகைக்கடை நினைப்பு வரக் கூடாது. ஞாயிறு மாலையில் வேலைக்கு விடுமுறை கிடைத்த நம்மூர்த் தொழிலாளர்களால் அந்தத் தெருக்கள் நிரம்பி வழியும். பேச்சுக்குத் துணை கிடைக்கும், நடக்க இடம் கிடைக்காது.

முஸ்தபாவில் ஏதாவது வாங்காமல் வந்தால் வீட்டில் விட மாட்டார்கள். ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே? (நாகர்கோவில் வாசகி)

முஸ்தபா சென்டருக்கு ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். முன்பு 24 மணி நேரமும் திறந்திருக்கும், இப்போது காலை ஒன்பதரை மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரை. உள்ளே நுழைந்தால் நேரம் போவது தெரியாது. அலைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு போங்கள்.

ஜிஎஸ்டி 9 சதவீதம். சுற்றுலாப் பயணிகளுக்கான திட்டத்தில் சேர்ந்த ஒரே கடையில், ஒரே நாளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் திரும்பக் கேட்கலாம். மூன்று ரசீது வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். சேவைக் கட்டணம் பிடித்தது போக மீதி கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், நகல் போதாது. கையில் எடுத்துப் போகும் பொருள் என்றால் குடிநுழைவைத் தாண்டிய பிறகு, டிரான்சிட் பகுதியில் உள்ள இயந்திரத்தில் பதிவு செய்யலாம். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும்.

டிரான்சிட் பயணிகள் மறப்பது இதை: உங்கள் பெரிய பெட்டி ஏற்கெனவே அடுத்த விமானத்துக்குப் போய்விட்டது. ஊருக்குள் வாங்கியதெல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில் நடக்கும், 100 மில்லிக்கு மேல் உள்ள திரவமெல்லாம் அங்கே கூடைக்குள் விழும். வாசனைத் திரவியம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சம்பல் பாட்டில் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயா ஜாமும் திரவம்தான். அது வேண்டுமென்றால் டிரான்சிட் கடையில் வாங்கி, முத்திரையிட்ட பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பையைப் பிரிக்காதீர்கள்.